விசை சுழி ஆகாது

ஏழு தாள்களில் ஏழு பிள்ளைகளும் சுழி என்றுதான் எழுதியிருந்தார்கள், ஜெபக்கனியும் யோசிக்காமல் ஏழு தடவை மூன்று மதிப்பெண் போட்டுத் தள்ளிவிட்டாள், எட்டாவது தாள்தான் வழியை மறித்துக்கொண்டு நின்றது. கேள்வி எண் முப்பத்தொன்று. காற்றில் உள்ள இரு ஒத்த மின்னூட்டங்களுக்கு நடுவே ஓர் உலோகத் தகட்டை வைத்தால் அவற்றுக்கு இடையிலான விசை என்ன ஆகும், விளக்குக. இதில் விளக்க என்ன இருக்கிறது, உலோகத்துக்கு ஒப்புமை விடுதிறன் முடிவிலி, எதையும் முடிவிலியால் வகுத்தால் சுழி, ஆகவே விசை சுழி, இரண்டு வரி, மூன்று மதிப்பெண், அடுத்த தாள். மதியம் ஒன்றரைக்கு உட்கார்ந்தால் நாலரைக்குள் பன்னிரண்டு தாள் முடிக்க வேண்டிய இடத்தில் யார் நின்று விளக்கம் கேட்பார்கள். ஆனால் இந்தப் பிள்ளை, ஆணோ பெண்ணோ, எந்த ஊரோ, தாளில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, ஒரு பொய் எண் மட்டும்தான், இந்தப் பிள்ளை முதல் வரியிலேயே விசை சுழி ஆகாது என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தது. சரி, தப்பு, சுழித்துவிடலாம் என்று சிவப்புப் பேனா இறங்கி, பாதி வட்டத்தில் நின்றுவிட்டது. அடுத்த வரிகள்: தகடு நடுவில் வந்தாலும் முதல் மின்னூட்டம் இரண்டாவதைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கும், தகடு அதை நிறுத்தாது. ஆனால் தகட்டில் உள்ள எலக்ட்ரான்கள் நகர்ந்து தகட்டின் முகத்தில் எதிரான மின்னூட்டம் வரும், அதுவும் இழுக்கும், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே, இடம் இல்லாமல் நெருக்கி நெருக்கி: எங்கள் வீட்டில் புதுச் சட்டை சுற்றி வந்த பாலிதீன் தாளைத் தேய்த்து பீரோ பக்கம் கொண்டுபோனால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். பீரோ இரும்பு. இரும்பு பக்கத்தில் வந்தாலே விசை சுழி என்றால் அது ஏன் ஒட்டுகிறது. கேள்விக்குறிகூடப் போடவில்லை. ஜெபக்கனி அந்த வரியை மூன்றாம் தடவையாக வாசித்தாள், தலைக்கு மேலே மின்விசிறி தட்டுத் தட்டென்று தட்டிக்கொண்டிருந்தது.

மற்ற கேள்விகளில் நல்லா அடிவாங்கிய பிள்ளைதான் இது, அதையும் சொல்லிவிட வேண்டும். பக்கம் பக்கமாக வெள்ளை. ஒரு மதிப்பெண் கேள்விகளில் அஞ்சு சரி, இரண்டு மதிப்பெண்ணில் அங்கே ஒன்று இங்கே ஒன்று, அஞ்சு மதிப்பெண் கேள்விகள் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை, ஒன்றில் மட்டும் ஒரு படம் வரைந்து, படத்துக்குப் பெயர் எழுதாமல் போயிருக்கிறது. அவள் முன்னாலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும் கூட்டிப் பார்த்துவிட்டாள், பன்னிரண்டு. தேறுவதற்குப் பதினைந்து வேண்டும். பன்னிரண்டோடு மூன்று சேர்த்தால் பதினைந்து. இதைப் பார்த்ததும்தான் அவளுக்குச் சங்கடமாகிவிட்டது, ஏனென்றால் பன்னிரண்டு, பதிமூன்று என்று வருகிற தாளை அப்படியே விட்டுவிடுகிற வழக்கம் இந்த விடைத்தாள் திருத்தும் முகாமில் எந்த மேசையிலும் கிடையாது. கரையேற்றிவிடுவார்கள். வரைந்த படத்துக்கு ஒரு அரை, சூத்திரத்தின் முதல் எழுத்துக்கு ஒரு அரை, அலகு எழுதியதற்கு ஒன்று என்று தாளைக் குடைந்து குடைந்து எடுத்துப் பதினைந்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை. எழுதப்படாத விதி. ஒரு பிள்ளையின் ஒரு வருசம், போனால் வருமா என்பார்கள். ஜெபக்கனியும் எத்தனையோ தாளைக் கரையேற்றியிருக்கிறாள், இந்த வாரத்தில் மட்டும் நாலு, அதற்காக ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த சொர்ணலதா, ஆழ்வார்திருநகரிப் பக்கத்துப் பள்ளிக்கூடக்காரி, எட்டிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டா, அந்தப் படத்துக்கு ஒன்றரை போடுங்க, பதினெட்டாம் கேள்வியில பாதி சரிதானே அதுக்கு ஒன்று, இன்னும் அரை எங்கயாவது கிடைக்கும் என்று காய்கறிக்காரியிடம் கொசுறு கேட்கிற குரலில் சொல்லிவிட்டுத் தன் தாளுக்குத் திரும்பிவிட்டாள். எவ்வளவு லேசான காரியம். அரை நிமிசம்கூட ஆகாது. அந்தப் பிள்ளை தேறிவிடும், முப்பத்தொன்றுக்கு முட்டை, யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை.

முட்டை என்றதும் பேனா மறுபடி கனத்துப்போனது. சரியாக எழுதிய இடத்தில் முட்டை, எழுதாத இடத்தில் மூன்று. இது என்ன நியாயம் என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டாள், கேட்டதும் பயந்துபோனாள், ஏனென்றால் அது சரிதானா என்பதே இன்னும் தீரவில்லை. அவள் பதினெட்டு வருசமாக இயற்பியல் நடத்துகிறாள், பதினெட்டு வருசமும் கரும்பலகையில் இரண்டு புள்ளி போட்டு, நடுவில் ஒரு கோடு இழுத்து, உலோகம் வந்தால் விசை சுழி, கவிழ்த்துப் போட்டாலும் சுழி, மறந்துராதீங்க என்று சொல்லியிருக்கிறாள். கைட் புத்தகத்தில் அப்படித்தான், போன வருசத்துக் கைடில் அப்படித்தான், அதற்கு முந்தின கைடு எழுதியவர் அதற்கும் முந்தினதைப் பார்த்து எழுதியிருப்பார். முதல் நாள் எல்லாரையும் உட்கார்த்திவைத்து விடைக்குறிப்பை வாசித்தபோது நாற்பது இயற்பியல் ஆசிரியர்கள் இருந்த அறையில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை, இவளும்தான், இவள் அப்போது வெயிலுக்கு மோர் வைத்திருக்கிறார்களா என்று வராந்தாவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒப்புமை விடுதிறன் என்பது மின்னூட்டங்களைச் சுற்றி எங்கும் அந்தப் பொருளே நிறைந்திருந்தால் வருகிற கணக்கு, தண்ணீருக்குள் போட்டால், எண்ணெய்க்குள் போட்டால். நடுவில் ஒரு தகட்டைச் செருகிவிட்டு இரண்டு பக்கமும் காற்றை வைத்துக்கொண்டு அந்த முடிவிலியை எப்படிக் கீழே போட்டு வகுப்பது. இதை யார் வகுத்தது. விடைக்குறிப்பின் முதுகிலேயே, வேறு தாள் கையில் அகப்படாததால், பென்சிலால் வரைந்தாள். பெரிய தகடு, மெல்லியது, சரியாக நடுவில். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கத்தது தள்ளுகிற தள்ளலும், அதனால் தகட்டில் எழும்பியது இழுக்கிற இழுப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும், அதுவரைக்கும் கைடுக்காரன் சொன்னது நிசம்தான், அதோடு அவன் கடையை மூடிவிட்டுப் போய்விட்டான். இந்தப் பக்கத்து மின்னூட்டத்தாலேயே தகட்டில் எழும்பியது எங்கே போகும். அது இருந்து இதை இழுக்குமே. தகட்டைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டால் அதற்குப் பின்னால் எதிர்க்குறியோடு ஒரு பிம்பம், அந்தப் பிம்பம் நிற்கிற இடம், சரியாக, சரியாக அந்த இன்னொரு மின்னூட்டம் நிற்கிற அதே இடம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். முன்னே எவ்வளவு விசையோ அவ்வளவும் அப்படியே இருக்கிறது. திசைதான் திரும்பியிருக்கிறது. தள்ளிக்கொண்டிருந்தது இப்போது அதே பலத்தோடு தகட்டை நோக்கி வருகிறது. எதிரெதிர் மின்னூட்டங்களாக இருந்தால் இன்னும் வேடிக்கை, தகடு வந்ததே தெரியாமல் பழைய விசை துளி மாறாமல் நிற்கும். சுழியாம் சுழி. பதினெட்டு வருசம், வருசத்துக்கு அறுபது பிள்ளை என்று வைத்தால்கூட, வேண்டாம், அந்தக் கணக்கை இப்போது போட வேண்டாம் என்று தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள், தண்ணீர் வெந்நீராக இருந்தது.

தப்பாகவும் இருக்கலாம். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தரையில் வைத்துக்கொண்டாள், மொசைக் தரை குளிர்ச்சி, கொஞ்சம் நிதானம் வந்தது. நாற்பது பேருக்குத் தெரியாததா இவளுக்குத் தெரிந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும்போதும் இதே மாதிரி ஒரு தடவை எழுந்திருந்தாள், நாகர்கோவிலில், இரண்டாம் வருசம், எதிலிருந்தோ எதையோ நீக்கிவிடலாம் என்று பேராசிரியர் சொன்னபோது ஏன் சார் என்று கேட்டுவிட்டாள், அவர் கோபப்படவே இல்லை, சிரித்தார், உட்காரும்மா, புத்தகத்தில் உள்ளதை எழுதினால் போதும், உனக்கு நல்ல மார்க்கு வரும் என்றார். வந்தது. நல்ல மார்க்குத்தான் வந்தது, அதை வைத்துத்தான் வேலை, அதை வைத்துத்தான் இந்த நாற்காலி. கேட்ட கேள்வி என்னவென்று இப்போது நினைவில்லை, உட்கார்ந்தது மட்டும் நினைவிருக்கிறது, பெஞ்சு மரத்தில் தாவணி மாட்டிக் கிழிந்தது, பக்கத்தில் இருந்தவள் எதற்குடி உனக்கு இந்த வேலை என்று தொடையில் கிள்ளியது. அப்போது உட்கார்ந்தவள்தான். அதற்குப் பிறகு எங்கே எழுந்தாள். பள்ளிக்கூடத்தில், ஊழியர் கூட்டத்தில், சபைக் கமிட்டியில், எங்கேயும் ஜெபா டீச்சர் வந்தால் பிரச்சினை இல்லை, ஜெபா டீச்சரை நடுவில் போடுங்கள் என்பார்கள். நடுவில் போடுவது. வீட்டிலும் அதுதானே. அவள் புருசன் தேவசகாயமும் அவள் அம்மாவும் ஒரே கூரைக்குக் கீழே ஒன்பது வருசமாக ஒருத்தரோடு ஒருத்தர் பேசுவதில்லை. மூன்றடி தூரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். உங்க அம்மாவை அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முந்திப் போடச் சொல்லு என்பார் அவர். நான் போட்டுட்டேன்னு அந்த மனுசன்கிட்டச் சொல்லு என்பாள் அம்மா. இவள் இரண்டையும் வாங்கி, முள் எடுத்து, இரண்டு பக்கமும் பரிமாற வேண்டும். போதகர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போகும்போது, இந்த வீட்டில் சத்தமே இல்லை, சமாதானம் என்றால் இதுதான் என்று சொல்லிவிட்டு வேறு போனார். சத்தம் இல்லைதான். இழுப்பு இல்லை என்று யார் சொன்னது. இந்தப் பக்கம் அவர் இழுக்கிறார், அந்தப் பக்கம் அம்மா இழுக்கிறாள், இரண்டும் சமமாக இருப்பதால் நடுவில் நிற்கிறவள் நகரவில்லை, நகராததைப் பார்த்துவிட்டு ஊர் சுழி என்று எழுதிக்கொண்டு போகிறது. தகட்டைப் பிடித்துப் பார்த்தால்தானே தெரியும். இன்றைக்குக் காலையில்கூட ஒரு சேதி வந்திருக்கிறது, அம்மாவின் கண் டாக்டரைப் பார்க்கப் போகிற நாள் மாறிவிட்டது என்று அவர் சொல்லி இவள் அம்மாவிடம் சொல்ல வேண்டியது. சொல்லப்போவதில்லை. நீங்களே சொல்லுங்க என்று அவரிடம் சொல்லப்போகிறாள். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சொர்ணலதா என்ன என்பதுபோலத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள்.

ஒன்றுமில்லாமலா. மே மாதம் தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது, அதில் நாற்பத்திரண்டாவது பெயர் இவளுடையது, பெயருக்கு நேரே துறை நடவடிக்கை ஏதும் நிலுவையில் உண்டா என்று ஒரு கட்டம் இருக்கும், அந்தக் கட்டம் காலியாக இருந்தால்தான் பட்டியலில் நிற்கலாம். விடைக்குறிப்பை மீறி மதிப்பெண் போட்டவர்களுக்குக் குற்றக் குறிப்பாணை வரும், பதினேழு பி என்பார்கள், அந்த எழுத்தைச் சொன்னாலே ஆசிரியர்களுக்கு முகம் செத்துவிடும். போன வருசம் இதே முகாமில் கூட்டலில் பத்து விட்டுப்போன ஒருத்தருக்கு வந்தது, அவர் இன்னும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். வேண்டுமா இது. அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது, தாளில் ஈரம் படாமல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கரையேற்றிவிடலாம். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியப்போகிறது, பதினைந்து என்று வந்தால் சந்தோசம், எந்தக் கேள்விக்கு எவ்வளவு என்றா பார்க்கப்போகிறது. இவள் வீம்புக்கு முப்பத்தொன்றில் மூன்று போட்டு, மேலே உள்ளவர் அதை அடித்துவிட்டால் பிள்ளை பன்னிரண்டில் நிற்கும், அப்புறம் அந்த ஒரு வருசம் இவள் தலையில்தானே விடியும். அதுதான் பயம், பட்டியல்கூட இல்லை, பட்டியல் போனால் போகிறது, இந்தப் பயம்தான் முள்மாதிரி சதைக்குள் நின்றது. போடு, போடாதே. பதினெட்டாம் கேள்வியில் ஒரு அரை போடுவதற்குத் தாளைத் திருப்பினாள், திருப்பியவள் அந்தப் பாலிதீன் வரியில் மறுபடி மாட்டிக்கொண்டாள். படிக்காத பிள்ளை. கைடு வாங்காத பிள்ளை, வாங்கியிருந்தால் சுழி என்று எழுதித் தப்பித்திருக்கும். பரீட்சை அறையில், தெரிந்தது எல்லாம் தீர்ந்துபோய், மற்றவர்கள் கூடுதல் தாள் வாங்கிக்கொண்டிருக்கும்போது, இந்த ஒரு கேள்வி முன்னால் உட்கார்ந்து தன் வீட்டு பீரோவை நினைத்துப் பார்த்திருக்கிறது. முழுத் தாளிலும் அது நினைத்துப் பார்த்து எழுதியது இந்த ஒன்றைத்தான். அதை முட்டை என்று சுழித்துவிட்டு, பெயர் எழுதாத படத்துக்கு ஒன்றரை தானம் போட வேண்டுமாம். தானம். உழைத்து வாங்கவேண்டிய கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு வாசலில் நின்று கஞ்சி வாங்கிக்கோ என்று சொல்வதுபோல. மாட்டேன். மாட்டேன் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், நன்றாக இருந்தது. பாதியில் நின்றிருந்த அந்த வட்டத்தை மூன்றாக வளைத்தாள், கொஞ்சம் கோணலான மூன்று, ஆனால் மூன்றுதான். கூட்டலில் பதினைந்து எழுதி, எழுத்தாலும் பதினைந்து என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

சொர்ணலதாதான் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, டீச்சர், முப்பத்தொன்றில் போட்டுட்டீங்க, ஆன்சர் கீ-யில சுழி என்றாள். தெரியும் என்றாள் ஜெபக்கனி. தெரிந்துமா என்று சொர்ணலதா கேட்ட விதத்தில், அவளுக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டதோ என்கிற கவலைதான் இருந்தது. பிறகு அவளே எழுந்துபோய் முதன்மைத் தேர்வாளர் நெல்லையப்பன் சாரிடம் சொல்லிவிட்டாள், காட்டிக்கொடுக்கவேண்டும் என்று இல்லை, தாள் எப்படியும் அங்கேதான் போகும், முன்கூட்டிச் சொன்னால் ஏதாவது செய்து சமாளிப்பார் என்கிற நல்லெண்ணம். அவர் வந்து எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஓய்வுபெற இரண்டு வருசம் இருக்கிற மனிதர், இயற்பியல்தான், சத்தமாகப் பேசத் தெரியாதவர், அதனாலேயே அவரோடு சண்டை போடுவது கஷ்டம். தாளை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார், மூன்றைப் பார்த்தார், பதினைந்தைப் பார்த்தார், அவருக்கு விசயம் பிடிபட்டுவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"டீச்சர், பிள்ளை பாஸாகணும், அவ்வளவுதானே? இதை அடிச்சுட்டு வேற இடத்துல மூணு போடுங்க. நான் கண்ணை மூடிக்கிடுதேன்."

அவர் அப்படித் தணிவாகச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அதட்டியிருந்தால் நிமிர்ந்து நின்றிருக்கலாம். பிள்ளையின் ஒரு வருசம் அவருடைய வலதுகைக்கும் இவளுடைய வலதுகைக்கும் நடுவில் கிடக்கிறது, சரி சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது, இருபத்தெட்டு வருசத்துக்கு முந்தி உட்கார்ந்தவள் இப்போதும் உட்காரத் தயாராகத்தான் இருக்கிறாள், பெஞ்சுக்குப் பதில் நாற்காலி, அவ்வளவுதான். உட்காரவில்லை. விடைக்குறிப்பைக் கவிழ்த்து அவர் பக்கம் தள்ளினாள். தகடு, இரண்டு புள்ளி, பிம்பம், எல்லாம் பென்சிலில் இருந்தது. அவர் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். கண்ணாடியை மறுபடி கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, பிம்பம் நிற்கிற இடத்தில் விரலை வைத்தார், தூரத்தை அளப்பதுபோல விரலைத் தகட்டுக்கு நகர்த்தினார், திருப்பிக் கொண்டுவந்தார். பிறகு பிள்ளையின் தாளை எடுத்து முதல் தடவையாக அந்த விடையை வாசித்தார். பீரோ என்ற இடம் வந்ததும் உதடு லேசாக அசைந்தது.

இதெல்லாம் சரிதான் என்றார் பிறகு. ஆனால் குறிப்பு குறிப்புதான், மாற்றவேண்டும் என்றால் முதல் நாளே எழுந்து சொல்லியிருக்க வேண்டும், இப்போது ஒரு மேசையில் ஒரு மாதிரியும் அடுத்த மேசையில் ஒரு மாதிரியும் திருத்தினால் மற்ற பிள்ளைகள் கதி என்ன என்று கேட்டார். நியாயமான கேள்வி, அவளுக்கும் அது உறைத்தது. சுழி என்று எழுதிய பிள்ளைக்குக் குறைக்கவேண்டாம், நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது எழுதியிருக்கிறது, இப்படி எழுதிய பிள்ளைக்கும் போடச் சொல்லி எல்லா மேசைக்கும் மேலே கேட்டு எழுதுங்கள் என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல, முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவருக்கு அது பிடிக்கவில்லை. நான் எழுதினால் முதலில் குறிப்பை மீறினது யார் என்றுதான் கேட்பார்கள், உங்கள் பெயரைத்தான் எழுத வேண்டும், மே மாதம் உங்களுக்குப் பட்டியல் இருக்கிறது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசிக்க இனி என்ன மிச்சம் இருக்கிறது. ஒன்றரை மணி நேரமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள், பயம் அப்படியேதான் இருக்கிறது, ஒரு குன்றிமணி குறையவில்லை. பயத்தை வைத்துக்கொண்டே பேசலாம் என்பது மட்டும்தான் புதிதாகத் தெரிந்திருக்கிறது. அவள் தன்னுடைய சிவப்புப் பேனாவை மூடி கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"நான் அடிக்க மாட்டேன் சார். நீங்க பெரியவங்க, நீங்க அடிக்கலாம். அடிச்சுட்டு, பக்கத்துல விசை சுழின்னு உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் ஒண்ணும் சொல்லல."

முதன்மைத் தேர்வாளர் ஒரு மதிப்பெண்ணை மாற்றினால் மாற்றிய இடத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், அது அந்த முகாமின் முறைதான், அவள் புதிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. அவர் பேனாவை எடுத்தார். ஜெபக்கனி பேனா நுனியையே பார்த்தாள். போச்சு, வீம்பு பிடித்து ஒரு பிள்ளையைக் கெடுத்துவிட்டோம், யார் பெற்ற பிள்ளையோ, ரிசல்ட் வருகிற அன்றைக்கு அது எந்த பீரோ மேல் சாய்ந்துகொண்டு நிற்குமோ என்று மனசுக்குள் ஓடியது, ஓடியும் அவள் வேண்டாம் சார் என்று கையை நீட்டவில்லை. பேனா முப்பத்தொன்றுக்கு மேலே நின்றது. அந்தக் கோணலான மூன்றுக்கு மேலே, ஒரு நகம் அளவு உயரத்தில், நின்றுகொண்டே இருந்தது. வெளியே தண்ணீர் லாரியைப் பின்னால் வரச்சொல்லி யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் அதைக் கேட்கிறவர்போலத் தலையைச் சாய்த்திருந்தார். பிறகு பேனாவைப் பக்கத்தின் அடிக்குக் கொண்டுபோய், பதினைந்து என்று எழுத்தால் எழுதியிருந்த இடத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். எதையும் அடிக்கவில்லை. தாளை மூடித் திருத்திய கட்டின் மேல் வைத்தார். ஜெபக்கனிக்கு அழுகை வந்தது, அவர் முன்னால் அழக்கூடாது என்று கீழே குனிந்து செருப்பைத் தேடுகிறவள்போலத் தேடினாள்.

நிமிர்ந்தபோது அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்திருந்தார். முகாம் அலுவலருக்கு, விடைக்குறிப்பைப் பின்பற்றாமல் மதிப்பெண் வழங்கியது தொடர்பாக. அவள் பெயர், அவள் பள்ளிக்கூடம், பொய் எண், கேள்வி எண், எல்லாம் வரிசையாக. நான் எழுதித்தான் ஆகவேண்டும் டீச்சர் என்றார், தலையைத் தூக்காமல். எழுதுங்கள் என்றாள். ஒரு மாதத்துக்குள் குறிப்பாணை வரும், நாற்பத்திரண்டாவது இடத்தில் வேறொருவர் பெயர் ஏறும், அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது, தெரிந்தும் உள்ளங்கை காய்ந்துதான் இருந்தது. காரணம் என்கிற இடம் வந்ததும் அவர் நின்றார். இங்கே என்ன போட என்று கேட்டார்.

"பதினெட்டு வருசமாத் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன், இன்னைக்குத் திருத்திக்கிட்டேன்னு போடுங்க சார்."

சொர்ணலதா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவர் அப்படியே, ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினார், எழுதி முடித்து அவளிடம் நீட்டினார், அவள் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கி மடிக்கப் போனார். மடிக்காமல் மறுபடி மேசைமேல் விரித்துவைத்தார்.

"எனக்கு முப்பத்திரண்டு வருசம் டீச்சர்," என்றார். "அதையும் சேத்துப் போட்டுக்கிடுதேன்."